பிராகில் ஒன்றரை நாள் – கடிதம்

அன்புள்ள ஐயா,

நானும் நண்பனும் வியன்னாவிலிருந்து ரயிலில் செக் நாட்டுத் தலைநகர் பிராக் போகிறோம். காலை பதினொன்றுக்கு இறங்கி, மறுநாள் இரவு அங்குள்ள ஃப்ளோரென்ஸ் பேருந்து நிலையத்திலிருந்து பெர்லினுக்குப் பேருந்து. ஹாஸ்டலில் ஒரே இரவு. ஆளுக்கொரு முதுகுப்பை. கோட்டை, பாலம், கடிகாரம் எல்லாம் பார்த்துவிடலாமா? யூரோவை எங்கே மாற்றுவது? நண்பன் சைவம்.

சரவணன்

அன்புள்ள சரவணன்,

பார்த்துவிடலாம், முதல் ஒரு மணி நேரத்தைப் பையோடு அலைந்து வீணாக்காவிட்டால். பெரிய பையோடு கோட்டையின் கட்டடங்களுக்குள் விடமாட்டார்கள். ஹாஸ்டலில் அறை பிற்பகலில்தான் கிடைக்கும், ஆனால் பையை முன்பே வாங்கி வைத்துக்கொள்வார்கள். நேராக அங்கே போங்கள். மறுநாள் அறையைக் காலி செய்த பிறகும் இரவுவரை பை அங்கேயே இருக்கட்டும்.

ரயில் நிலையத்திலேயே ஆளுக்கொரு 24 மணி நேரப் பயணச்சீட்டு வாங்குங்கள். காகிதச் சீட்டானால் மெட்ரோவுக்கு இறங்கும் முன் மஞ்சள் இயந்திரத்தில் முத்திரை குத்த வேண்டும், அப்போதுதான் நேரம் ஓடத் தொடங்கும். அங்கே தடுப்புக் கதவு கிடையாது என்பதால் பலர் குத்தாமல் போய்ச் சாதாரண உடையில் நிற்கும் பரிசோதகரிடம் மாட்டுகிறார்கள். அதேபோல், ஒவ்வொரு வண்டியிலும் மறுபடி குத்தினால் சீட்டு செல்லாது. டிராமுக்குள் கார்டைத் தட்டி வாங்கும் சீட்டுக்கு முத்திரை வேண்டாம். மறுநாள் இரவு ஃப்ளோரென்ஸ் போக ஒரு 30 நிமிடச் சீட்டு போதும்.

யூரோவை மாற்றவே வேண்டாம் என்பேன். கார்டு அநேகமாக எங்கும் செல்லும். கழிப்பறைக்கும் சின்னக் கடைகளுக்கும் கொஞ்சம் கொருனா (செக் நாணயம்) போதும். வங்கிச் சுவரில் இருக்கும் ஏடிஎம்மில் எடுங்கள். சுற்றுலாத் தெருக்களில் தனியாக நிற்கும் இயந்திரங்களில் கட்டணம் அதிகம். யூரோவிலோ ரூபாயிலோ கணக்கிடட்டுமா என்று திரை கேட்டால் மறுத்துவிடுங்கள், அதில்தான் நஷ்டம். மாற்றியே தீரவேண்டுமென்றால் கமிஷன் இல்லை என்ற பலகையை நம்பாமல், கையில் எத்தனை கொருனா வரும் என்று முதலில் கேளுங்கள். ஏமாந்தால் ரசீதோடு மூன்று மணி நேரத்துக்குள் திரும்பிப் போங்கள். 1000 யூரோவரை ரத்துசெய்யும் உரிமை 2019 முதல் சட்டத்தில் இருக்கிறது. தெருவில் மாற்றித் தருகிறேன் என்று வருபவரிடம் பேச்சே வேண்டாம், கையில் வேறு நாட்டின் செல்லாத நோட்டு வந்து சேரும்.

முதல் நாள் பிற்பகல் கோட்டை. கீழிருந்து படியேறாதீர்கள். 22ஆம் எண் டிராமில் போஹோர்ஷெலெட்ஸ் நிறுத்தத்தில் இறங்கினால் பிரதான வாசலுக்கு இறக்கத்திலேயே நடந்துவிடலாம். அந்த டிராமில் பிக்பாக்கெட் உண்டு, பர்ஸை முன்பையில் வையுங்கள். முற்றங்களுக்குக் கட்டணமில்லை, இரவு பத்துவரை திறந்திருக்கும். கட்டடங்கள் கோடையில் ஐந்துக்கும் குளிர்காலத்தில் நான்குக்கும் மூடும். ஞாயிறு என்றால் கோட்டைக்குள் இருக்கும் விட்டுஸ் தேவாலயத்துக்குள் நண்பகலுக்கு முன் பார்வையாளர்களை விடுவதில்லை. பிறகு நெருடோவா தெரு வழியே இறங்கினால் சார்லஸ் பாலம்.

ஆனால் பாலத்தை அப்போது வெறுமே கடந்துவிடுங்கள், நெரிசல்தான் மிச்சம். மறுநாள் சூரியன் எழும் நேரத்தில் போனால் 30 சிலைகளையும் நின்று பார்க்கலாம். பழைய நகரச் சதுக்கத்தில், 1410இல் செய்த கடிகாரம் அற்புதமான இயந்திரம்தான். மணிக்கொரு முறை பொம்மைகள் நகரும் காட்சி ஒரு நிமிடம்கூட நீடிக்காது. அதற்காக அரை மணி நேரம் காத்துநிற்பது வீண். யூதக் குடியிருப்பின் அருங்காட்சியகம் சனிக்கிழமை மூடியிருக்கும்.

உங்கள் நண்பருக்கு எங்கும் கிடைப்பது பொரித்த பாலாடைக்கட்டி. மேல்பூச்சிலும் கூட வரும் டார்ட்டார் சாஸிலும் முட்டை உண்டு. உருளைக்கிழங்கு சூப் பல இடங்களில் இறைச்சி வெந்த நீரில் செய்தது, கேட்டுவிட்டு வாங்கட்டும். தட்டை எடைபோட்டு விலை சொல்லும் சைவ உணவகங்கள் மலிவு. நீங்கள் அசைவமென்றால், பழைய நகரச் சதுக்கத்தில் சுடும் பன்றித்தொடையின் விலை 100 கிராமுக்கு என்பதைப் பலகையில் கவனியுங்கள். வெட்டித் தருவது அதைவிடப் பல மடங்கு இருக்கும்.

ஃப்ளோரென்ஸ், ரயில் நிலையத்திலிருந்து மெட்ரோ சி தடத்தில் அடுத்த நிறுத்தம். பாஸ்போர்ட்டைப் பேருந்தின் அடியில் போகும் பையில் வைக்காதீர்கள். 2023 அக்டோபரில் ஜெர்மனி செக் எல்லையில் சோதனையைத் திரும்பக் கொண்டுவந்தது. நள்ளிரவில் எழுப்பிக் கேட்பார்கள்.