பத்தில் ஒன்றும் பெட்டகத்தின் சாவியும்

அன்புள்ள எழுத்தாளருக்கு,

பணக்காரர் ஆவது எப்படி என்று சொல்லும் பழைய புத்தகங்களை இரண்டு வருஷமாகத் தேடித் தேடிப் படிக்கிறேன். சம்பளத்தில் பத்தில் ஒன்றைத் தனியே எடுத்து வைக்கிறேன். எவ்வளவு சம்பாதிக்க வேண்டும் என்று தாளில் எழுதி, காலையும் இரவும் சத்தமாக வாசிக்கிறேன். பெரிய மாற்றம் எதுவும் இல்லை. குறை என் மனதில்தான் என்று தோன்றுகிறது. என் அப்பா முப்பது வருஷம் உழைத்தும் எதையும் சேர்க்கவில்லை. பணக்காரரைப் போலச் சிந்திக்க அவருக்குத் தெரியவில்லை என்பது இவற்றைப் படித்தபின்தான் புரிந்தது. இந்த அறிவுரைகளில் எதை நம்பலாம், எதை விடலாம்? அடுத்து எதைப் படிக்கலாம்?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

அப்பாவைப் பற்றிய அந்த வரி இல்லையென்றால் உங்களுக்குச் சுருக்கமாகப் பதில் எழுதி முடித்திருப்பேன். கொஞ்ச நாளாகவே எனக்குள் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு விஷயத்தில் அது போய்ப் பட்டுவிட்டது.

எளிதானதை முதலில் முடித்துவிடுகிறேன். தாளை வாசிப்பதை இன்றோடு நிறுத்துங்கள். அந்தப் பழக்கத்தைப் பரப்பிய அமெரிக்க எழுத்தாளர் நெப்போலியன் ஹில், 1937-இல் வந்த தன் புத்தகத்துக்கு அடிப்படையாகக் காட்டுவது எஃகுத் தொழிலில் பெரும் பணக்காரரான ஆண்ட்ரூ கார்னகி தனக்குச் சொன்ன ரகசியத்தை. அதற்கு ஹில்லின் சொல்லைத் தவிர வேறு சான்று கிடைக்கவில்லை. கார்னகி 1919-இலேயே இறந்துவிட்டார். ஆசை தீவிரமாக இருந்தால் பணம் வரும் என்று சொல்லிவிட்டால், வராதவனுக்கு ஆசை போதவில்லை என்றாகிவிடும். எந்த நிலையிலும் அந்த அறிவுரை தோற்காது, கேட்டவன்தான் தோற்பான். "குறை என் மனதில்தான்" என்ற வரி உங்களுக்கு அங்கிருந்துதான் வந்திருக்கிறது. அதை அங்கேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

சேமிப்பு வேறு விஷயம். பழங்கால பாபிலோன் நகரத்தில் நடப்பதாக அமைந்த கதைகளாக அமெரிக்கரான ஜார்ஜ் கிளாசன் 1926-இல் எழுதிய பத்தில் ஒன்று என்ற விதி நல்ல விதி. மாதக் கடைசியில் மிஞ்சுவதைச் சேமிக்கலாம் என்றிருந்தால் எதுவும் மிஞ்சாது. பணம் கைக்கு வந்த அன்றே எடுத்துவிட்டால் தினமும் மனதோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை. வருகிற வழி சிறிதானாலும் போகிற வழி அகலாமல் இருந்தால் கேடில்லை என்று வள்ளுவரும் இதைத்தான் சொன்னார். பெஞ்சமின் ஃபிராங்க்ளின் 1758-இல் எழுதியதில் ஒரு பெரியவர் ஏலம் நடக்கும் இடத்தில் கூடியிருந்தவர்களுக்குச் சிக்கனத்தைப் பற்றி நீளமாகப் பேசுவார். எல்லோரும் ஆமாம் ஆமாம் என்று கேட்டுவிட்டு, ஏலம் தொடங்கியதும் கண்டதையெல்லாம் வாங்கத் தொடங்குவார்கள். சொல்வதற்கும் செய்வதற்கும் உள்ள தூரம் ஃபிராங்க்ளினுக்குத் தெரிந்திருந்தது. நீங்கள் அந்தத் தூரத்தைக் கடந்திருக்கிறீர்கள், அதற்கு என் பாராட்டு.

ஆனால் கணக்கைப் போட்டுப் பார்த்தீர்களா? பத்தில் ஒன்பதைச் செலவழித்து ஒன்றைச் சேர்த்தால், ஒரு மாதச் செலவுக்கான பணம் சேர ஒன்பது மாதம் ஆகும். வட்டியைச் சேர்க்காமல் பார்த்தால், இரண்டு வருஷத்தில் உங்களிடம் இருப்பது மூன்று மாதச் செலவுக்கும் குறைவு. மாற்றம் தெரியாததற்குக் காரணம் இவ்வளவுதான். சம்பளம் உயராமல் பத்தில் ஒன்று மட்டும் யாரையும் செல்வந்தராக்காது. நோய் வந்தால் கடன் வாங்காமல் சமாளிக்க உதவும். அதுவே பெரிய விஷயம்.

இனி நான் சொல்ல வந்தது. கிளாசனின் அந்தக் கதைகள் முதலில் சிறு பிரசுரங்களாக வந்தன. அவற்றை மக்களிடம் கொண்டுபோய்ச் சேர்த்தவை வங்கிகளும் காப்பீட்டு நிறுவனங்களும். அதனால் அறிவுரை பொய்யாகிவிடாது. ஆனால் எடுத்து வைத்த பணம் யாருடைய பெட்டகத்தில் இருக்கிறது, சாவி யார் கையில் என்ற கேள்வி அந்தப் பிரசுரங்களைப் படித்தவர்களுக்கு மிக அவசியமாக இருந்தது. 1930 முதல் 1933 வரை அமெரிக்காவில் சுமார் 9,000 வங்கிகள் விழுந்தன. விதியை ஒரு வரி விடாமல் கடைப்பிடித்து அங்கே பணம் போட்டவர்களும் மூடிய கதவின் முன்னால்தான் நின்றார்கள். அவர்கள் ஏழையாகச் சிந்தித்தார்களா? அதற்குப் பிறகு நிலைமையை மாற்றியது யாருடைய மன உறுதியும் இல்லை, சட்டம். 1933-இல் அங்கே வைப்புத்தொகைக் காப்பீடு சட்டமானது. வங்கி விழுந்தாலும் சிறு சேமிப்பாளரின் பணம் ஒரு வரம்பு வரை திரும்பி வரும் என்றானது. சிக்கனம் தனிமனிதரின் குணம், சரி. அந்தக் குணத்துக்குப் பலன் கிடைக்குமா என்பது அவர் கையில் மட்டும் இல்லை. தன்னம்பிக்கைப் புத்தகங்கள் இந்த இரண்டாம் பாதியை விட்டுவிடுவதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

என் சித்தி இந்த மாதிரிப் புத்தகம் எதையும் படித்தவர் இல்லை. சம்பளம் வந்த அன்றே ஒரு பகுதியை எடுத்துவைத்து, நோட்டில் தேதி போட்டு எழுதுவார். வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருந்த ஒரு நிதி நிறுவனத்தில் போட்டார். ஒரு நாள் அது மூடிக் கிடந்தது. ரசீதுகளோடு வருஷக்கணக்கில் அலைந்தார். ஒரு சிறு பகுதிதான் திரும்பி வந்தது. பணம் போனதைவிட, உறவுக்காரர்கள் "பேராசை" என்று சொன்னதுதான் அவரை உடைத்தது. வங்கியைவிடக் கொஞ்சம் கூடுதல் வட்டிக்கு ஆசைப்பட்டது உண்மை. ஆனால் அந்த நோட்டைப் பார்த்தவர்கள் அந்தச் சொல்லைச் சொல்லியிருக்க முடியாது.

உங்கள் அப்பாவின் நோட்டை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? முப்பது வருஷத்தில் அவருக்கு என்ன சம்பளம், எத்தனை பேர் சாப்பிட்டார்கள், எந்தக் கடனை அடைத்தார், யாருக்கு வைத்தியம் பார்த்தார் என்று ஒரு தடவையாவது கேட்டிருக்கிறீர்களா? கேட்காமலேயே, யாரோ எழுதிய புத்தகத்தை வைத்துத் தீர்ப்பு எழுதிவிட்டீர்கள். அதைப் படிக்கும் அளவுக்கு உங்களை வளர்த்தது யார் பணம்? எனக்குக் கோபம் வருகிறது, எஸ். நீங்கள் கெட்டவர் என்று நினைக்கவில்லை. இந்த வயதில் தனியாகக் கணக்குப் போட்டு, தனியாகப் பயந்து, யாரிடமும் சொல்ல முடியாமல் எனக்கு எழுதியிருக்கிறீர்கள் என்பது தெரிகிறது. அந்தப் பயத்தை அப்பாவிடம் சொல்லுங்கள். அவருக்கு அது நன்றாகத் தெரிந்த பயமாக இருக்கும்.

அடுத்து எதைப் படிக்கலாம் என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் பத்தில் ஒன்று எங்கே இருக்கிறதோ, அந்த இடத்தின் விதிமுறைகளைப் படியுங்கள். அதற்கு வைப்புத்தொகைக் காப்பீடு உண்டா, எந்த வரம்பு வரை என்று நேரில் கேளுங்கள். என்ன சொன்னார்கள் என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.