கழுத்தில் அடிபட்டு வென்டிலேட்டரில் இருப்பவர் மின்தூண்டலால் மூச்சுவிட முடியுமா?

முடியும், ஆனால் எல்லோராலும் அல்ல. உங்கள் உறவினருக்கு இரண்டாம் கழுத்து முள்ளெலும்பு மட்டத்தில் தண்டுவடம் சிதைந்துவிட்டதாகக் கேள்வியில் எழுதியிருக்கிறீர்கள். இயன்முறை மருத்துவராகச் சொல்கிறேன்: இவ்வளவு மேலே அடிபட்டவர்களுக்குத்தான் இதில் வாய்ப்பு அதிகம்.

நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் மூச்சுத் தசையான உதரவிதானத்தை இயக்கும் ஃப்ரெனிக் நரம்பு, கழுத்துத் தண்டுவடத்தின் மூன்றாம், நான்காம், ஐந்தாம் பகுதிகளிலிருந்து கிளம்புகிறது. காயம் அதற்கு மேலே இருந்தால், மூளையின் கட்டளை வந்து சேராதே தவிர, நரம்பும் தசையும் உயிரோடு இருக்கும். மின்துடிப்பு கொடுத்தால் உதரவிதானம் சுருங்கிக் கீழிறங்கி, காற்றை உள்ளே இழுக்கும். அந்த மூன்று பகுதிகளுமே அழிந்திருந்தால் நரம்பும் பட்டுப்போயிருக்கும், தூண்டிப் பயனில்லை. எனவே கருவியின் விலையை விசாரிக்கும் முன், கழுத்தில் நரம்பைத் தூண்டி, உதரவிதானம் அசைகிறதா என்று அல்ட்ராசவுண்டில் பார்க்கச் சொல்லுங்கள்.

1960களில் யேல் பல்கலைக்கழகத்தின் வில்லியம் கிளென் நரம்பின் மீதே மின்முனையைப் பொருத்தினார். பின்னர் கிளீவ்லாந்தில் ரேமண்ட் ஆண்டர்ஸ், வயிற்றில் சிறு துளைகளிட்டு, லேப்ராஸ்கோப் என்ற உள்நோக்கிக் குழாய் வழியே உதரவிதானத் தசையிலேயே மின்முனைகளைப் பதித்தார். மெல்லிய கம்பிகள் தோல் வழியே வெளிவந்து, கையடக்கப் பெட்டியோடு இணைகின்றன. குதிரையிலிருந்து விழுந்து முடங்கிய நடிகர் கிறிஸ்டோபர் ரீவுக்கு 2003இல் அவ்வாறு பொருத்தப்பட்டது. மூச்சு மூக்கின் வழியே போகத் தொடங்கியதும் அவருக்கு வாசனை தெரிந்தது. வென்டிலேட்டர் காற்று கழுத்தில் துளையிட்டுச் செருகிய குழாயோடு நின்று, மூக்குக்குப் போகாததால், நோயாளிகள் இழப்பதும் நாம் கேட்க மறப்பதும் அதுதான். அமெரிக்காவில் தண்டுவடக் காயத்துக்கு இக்கருவி 2008இல் அனுமதி பெற்றது.

பொருத்திய அன்றே வென்டிலேட்டரைக் கழற்ற இயலாது. சும்மா கிடந்த தசை மெலிந்திருக்கும் என்பதால், சில நிமிடங்களில் தொடங்கி, வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் நேரத்தைக் கூட்டிக்கொண்டே போகவேண்டும்.

இன்னொன்று. ஏ.எல்.எஸ். என்ற நோயில், தசைகளை இயக்கும் நரம்புகளே படிப்படியாக அழிகின்றன. முகமூடி வழிச் சுவாச உதவியோடு இக்கருவியையும் அந்நோயாளிகளுக்குப் பொருத்தி பிரிட்டனில் நடத்திய ஆய்வு 2015இல் வெளியானது. ஆய்வில் சேர்ந்தபின் உயிரோடிருந்த காலத்தின் இடைநிலை அளவு (பாதிப்பேர் அதைத் தாண்டும் அளவு), கருவி பெற்றவர்களுக்கு 11 மாதம், முகமூடி உதவி மட்டும் பெற்றவர்களுக்கு 22.5 மாதம். ஒருவருக்குப் பலித்தது என்பதற்காக மற்றவருக்கும் பொருத்தச் சொல்லி மருத்துவரை வற்புறுத்துவது ஆபத்து.

இருமுவதற்கு வயிற்றுத் தசைகள் வேண்டும். அவற்றை இது இயக்காது. ஆகையால் சளியை உறிஞ்சி எடுக்கும் சக்‌ஷன் கருவியும், அதைக் கையாளத் தெரிந்த ஒருவரும் எப்போதும் பக்கத்தில் இருக்கவேண்டும். கருவி பழுதானால் மாற்றுவதற்கு வென்டிலேட்டரையும் வீட்டிலேயே வைத்திருங்கள்.