டார்ட்ஸ் பார்க்கும்போது 180-ஐ விட்டுவிட்டு டபுளைக் கவனியுங்கள்

கேள்வி: "உலக டார்ட்ஸ் சாம்பியன்ஷிப் பார்க்கிறேன். 180 விழுந்தால் கூட்டமே எழுந்து கத்துகிறது. ஆனால் நிறைய 180 போட்டவர் தோற்றும் போகிறார். இதில் எதைத்தான் பார்ப்பது?"

டபுளைப் பாருங்கள். இந்த ஆட்டத்தின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

விதி சின்னது. ஒரு ஆட்டம் பல லெக்குகளாகப் பிரியும், ஒவ்வொரு லெக்கும் 501-ல் தொடங்கும். ஒரு முறைக்கு மூன்று டார்ட். விழுந்ததைக் கழித்துக்கொண்டே வந்து, கடைசி டார்ட் டபுளில் குத்தி மிச்சம் பூஜ்யமாக வேண்டும். மிச்சத்தைத் தாண்டிவிட்டாலோ, 1 மிஞ்சினாலோ அந்த முறை எறிந்தது செல்லாது, பழைய மிச்சத்துக்கே திரும்ப வேண்டும். டபுள் என்பது போர்டின் வெளி ஓரத்தில் ஓடும் 8 மில்லிமீட்டர் வளையம், அங்கே விழுந்தால் அந்த எண் இரண்டு மடங்காகும். உள்ளே இருக்கும் இன்னொரு வளையம் டிரிபிள், அங்கே மூன்று மடங்கு. மூன்று டார்ட்டும் டிரிபிள் 20-ல் விழுந்தால் 180. (நடுவில் இருக்கும் 50-ம் டபுள் கணக்குத்தான்.) நிற்கும் தூரம் 2.37 மீட்டர். டிரிபிள் 20-ல் மூன்று டார்ட்டைச் செருகுகிறவனுக்கும் இந்த ஓரம் பல நேரம் கைக்கு எட்டாது.

2024 இறுதி ஆட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். லூக் லிட்லருக்கு அப்போது 16 வயது. லூக் ஹம்ப்ரிஸுக்கு எதிராக செட் கணக்கில் 4-2 என்று முன்னால் இருந்தான் (சில லெக் சேர்ந்தது ஒரு செட்). 5-2 ஆக்க டபுள் 2-ல் ஒரு டார்ட் விழுந்தால் போதும். விழவில்லை. அந்த செட்டோடு சேர்த்து அடுத்த ஐந்து செட்டும் ஹம்ப்ரிஸுக்குப் போய், 7-4 என்று முடிந்தது. லண்டனில் ராத்திரி எட்டு மணி என்றால் இங்கே மலேசியாவில் விடியற்காலை நாலு மணி. கண்விழித்துப் பார்த்தவர்கள் யாரும் அந்த டபுள் 2-ஐ மறந்திருக்க மாட்டார்கள். பையன் மறு வருஷமே வந்து, மைக்கேல் வான் கெர்வெனை 7-3 என்று ஜெயித்து, 17 வயதில் உலக சாம்பியன் ஆனான். அந்த வயதில் அதற்கு முன் யாரும் ஆனதில்லை.

ஒரே ஒரு லெக் பார்க்க நேரம் இருந்தால், 2023 இறுதி ஆட்டத்தில் இரண்டாவது செட்டைத் தேடிப் பாருங்கள். 501-ஐ முடிக்கக் குறைந்தது ஒன்பது டார்ட் வேண்டும். இரண்டு 180 போட்டால் மிச்சம் 141. அதற்கு வழக்கமான வழி டிரிபிள் 20, டிரிபிள் 19, டபுள் 12. வான் கெர்வென் எட்டு டார்ட்டைப் பிசகில்லாமல் போட்டு, ஒன்பதாவதை டபுள் 12-க்கு வெளியே விட்டார். அடுத்து வந்த மைக்கேல் ஸ்மித் தன் மூன்று டார்ட்டில் அதே 141-ஐ முடித்து, அதே டபுள் 12-ல் ஒன்பது டார்ட் லெக்கை நிறைவு செய்தார். கோப்பையும் அவருக்குத்தான்.

டபுள் 12 என்றதும் நம் பக்கத்து மனிதர் ஒருவரைச் சொல்லாமல் போக முடியாது. சிங்கப்பூரில் பிறந்த பால் லிம். உலக சாம்பியன்ஷிப்பில் முதல் ஒன்பது டார்ட் லெக் அவருடையது, 1990-ல். அதற்குக் கிடைத்த பரிசு 52,000 பவுண்டு. அந்த ஆண்டு சாம்பியன் ஆன ஃபில் டெய்லர் வாங்கியதே 24,000 பவுண்டுதான். 2018 போட்டியில், அறுபது தாண்டிய வயதில், மறுபடியும் எட்டு டார்ட் கச்சிதமாகப் போட்டார். ஒன்பதாவது டபுள் 12-ல் தவறியது. 2025 டிசம்பரில் 71 வயதில் அதே மேடைக்கு வந்து ஒரு சுற்று ஜெயித்தும் காட்டினார். இந்தியாவின் நிதின் குமாரும் அதே மாதம் அங்கே ஒரு ஆட்டம் ஜெயித்தார். இந்தியர் ஒருவர் அங்கே ஜெயித்தது அதுதான் முதல் தடவை.

சரி, டபுளை எப்படிப் பார்ப்பது? கணக்கோடு பார்க்க வேண்டும்.

எங்கள் சுங்கை சிப்புட்டில் ஒரு மோட்டார் பட்டறையின் பின்பக்கம் போர்டு மாட்டியிருக்கிறது. பட்டறைக்கார அண்ணன் முன்பு தோட்டத்தில் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டியவர். சாயங்காலம் தாமான் (குடியிருப்பு) பிள்ளைகள் வருவார்கள். மிச்சத்தை வாய்விட்டுச் சொல்லாமல் யாரும் எறியக் கூடாது என்பது அவர் போட்ட சட்டம்.

"மிச்சம் எவ்வளவுடா தம்பி?"

"அறுபத்து நாலுண்ணே."

"எங்க அடிக்கப் போற?"

"பதினாறுல."

பையன் சொன்னது சரி. டிரிபிள் 16 விழுந்தால் 48 போய் மிச்சம் 16, டபுள் 8-ல் முடிக்கலாம். குறி தப்பி வெறும் 16 விழுந்தால் மிச்சம் 48. இன்னொரு 16 போட்டால் 32, கடைசி டார்ட் டபுள் 16-க்கு. அந்த 32-ல்தான் சூட்சுமம். டபுள் 16-க்கு எறிந்து உள்பக்கம் நழுவினால் மிச்சம் 16. அங்கும் நழுவினால் 8, பிறகு 4, பிறகு 2. ஒற்றை எண்ணில் மாட்டவே மாட்டோம். 40-ல் நின்றால் 20, 10, 5 என்று இறங்கி, ஒற்றையைச் சரிக்கட்டவே ஒரு டார்ட் வீணாகும். ஆகவே டிவியில் மிச்சம் 170-க்குக் கீழே வந்ததும் நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். மூன்று டார்ட்டில் முடிக்கக்கூடிய அதிகபட்சம் அதுதான். ஆட்டக்காரர் எந்த எண்ணுக்குப் போகிறார், ஏன் போகிறார் என்று புரிந்த நிமிஷத்திலிருந்து கண்ணை எடுக்க முடியாது.

லெக்கை யார் தொடங்குகிறார் என்பதையும் கவனியுங்கள். முதலில் எறிகிறவர் எப்போதும் மூன்று டார்ட் முன்னால் இருப்பார். எதிராளி தொடங்கிய லெக்கைப் பறிப்பதுதான் செட்டைத் திருப்பும்.

இது பீர் குடிக்கிற இடத்து விளையாட்டு என்று பெற்றோர் சிலர் பிள்ளைகளை அனுப்புவதில்லை. எனக்கு அதில் உண்மையான வருத்தம். அந்தப் பட்டறையில் தேத்தண்ணி தவிர வேறெதுவும் கிடையாது. கணக்கென்றால் முகம் சுளித்த பிள்ளைகள் அங்கே 64-ஐயும் 121-ஐயும் நொடியில் பிரித்துச் சொல்கிறார்கள்.

வீட்டில் மாட்டுவதாக இருந்தால் கற்றாழை நார் போர்டாகப் பார்த்து வாங்குங்கள். தரையிலிருந்து நடுப்புள்ளி 1.73 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். 20 பக்கம் நார் நைந்ததும் அண்ணன் எண் வளையத்தைக் கழற்றி, போர்டை இரண்டு கட்டம் திருப்பி மறுபடி மாட்டுவார். கறுப்பு இருந்த இடத்தில் கறுப்பே வரும், போர்டும் நீண்ட நாள் உழைக்கும். பழகும்போது முதல் அரைமணி நேரம் டிரிபிள் 20 பக்கமே போகாமல் டபுள் 16-க்கு மட்டும் எறியுங்கள்.