நாடற்ற நூல்களும் ஒரு சிறு பதிப்பகமும்

அன்புள்ள ஐயா,

அமெரிக்காவின் காயா பிரஸ் என்ற சிறு பதிப்பகம் தன் ஆசியப் புலம்பெயர் எழுத்தாளர்களையும் அவர்களது நூல்களையும் கொண்டாடுவதைப் பாராட்டி எழுதியிருந்தீர்கள். எழுத்தாளர்களைப் பிறப்பை வைத்துத் தனியாகப் பிரித்து நிறுத்துவது இலக்கியத்துக்கு நல்லதா? நல்ல நூல் என்றால் பெரிய பதிப்பகங்களே வெளியிட்டுவிடாதா?

அன்புடன்,
கே. ஆர்.

அன்புள்ள கே. ஆர்.,

இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். கொரியாவிலிருந்து அமெரிக்காவில் குடியேறிய யங்ஹில் காங்கின் 'ஈஸ்ட் கோஸ் வெஸ்ட்' நாவலை 1937இல் ஸ்க்ரிப்னர்ஸ் என்ற பெரிய நிறுவனம்தான் வெளியிட்டது. பிற்காலத்தில் கிடைப்பதற்கு அரிதாகிவிட்ட அந்நாவலை 1997இல் மீண்டும் அச்சேற்றியது, 1994இல் தொடங்கப்பட்ட காயா பிரஸ். பெங்குவின் கிளாசிக்ஸ் வரிசையில் அது சேர்ந்தது 2019இல். விற்பனை ஓய்ந்த பிறகும் ஒரு நூலைக் கைவிடாதிருக்க யாரேனும் வேண்டும்.

பிறப்பை வைத்துப் பிரிப்பது பற்றிய உங்கள் அச்சத்தில் நியாயம் உண்டு. ஆசிய அமெரிக்கர் மரபைக் கொண்டாடும் மே மாதத்தில் மட்டும் இந்நூல்களை நினைப்பது எனக்கும் உவப்பானதன்று. ஆனால் காயாவின் பட்டியலை ஊன்றிப் பார்த்தால், எந்த நாட்டு இலக்கியமும் தன்னுடையது என்று உரிமை கோராத நூல்கள் அங்கே ஒன்றுகூடியிருப்பது தெரியும். நாகஹாரா ஷோசன் லாஸ் ஏஞ்சல்ஸில் வாழ்ந்துகொண்டு ஜப்பானிய மொழியில் எழுதி 1925இல் வெளியிட்ட நாவலுக்கு, ஆண்ட்ரூ லியோங்கின் ஆங்கில மொழிபெயர்ப்பைக் காயா கொண்டுவந்தது 2012இல்தான்.

என்னை மிகவும் பாதித்தது லால்பிஹாரி சர்மாவின் பாடல் தொகுப்பு. தென் அமெரிக்காவில் பிரிட்டிஷ் ஆட்சியிலிருந்த பிரிட்டிஷ் கயானாவின் கரும்புத் தோட்டத்தில் ஒப்பந்தக் கூலியாக உழைத்தவர் அவர். ஹோலியன்று டோலக் தாளத்தோடு கூட்டமாகப் பாடும் பாட்டு வடிவத்துக்குள் தோட்டவாழ்வின் துயரத்தையும் ஊரைப் பிரிந்த ஏக்கத்தையும் வைத்துப் போஜ்புரியில் எழுதி, 1910களில் சிறு நூலாக வெளியிட்டார். கல்கத்தாவில் கப்பலேறிய கூலிகளுக்கு அரசு எழுதிக்கொடுத்த சீட்டில் பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஊர், உயரம், உடலிலுள்ள தழும்பு எல்லாம் உண்டு. அந்த மனிதரின் சொல் ஒன்றுகூட இல்லை. சர்மாவின் நூலில் அந்தச் சொல் இருக்கிறது. ஒப்பந்தக் கூலிகளின் வழிவந்த கவிஞரான ராஜீவ் மொஹாபீர் அதை ஆங்கிலத்தில் மொழிபெயர்க்க, காயா 2019இல் வெளியிட்டது. மறு ஆண்டே அம்மொழிபெயர்ப்புக்கு அமெரிக்கக் கவிஞர் கழகத்தின் ஹெரால்ட் மார்ட்டன் லாண்டன் விருது கிடைத்தது. இத்தகைய நூலைத் தேடியெடுத்துப் பதிப்பித்தவர்கள் அதைக் கொண்டாடுவதில் என்ன குறை காண முடியும்?

மதராஸிலிருந்து அதே கயானாவுக்குக் கப்பலேறிய தமிழரும் உண்டு. அவர்கள் மாரியம்மனுக்குப் பாடியவற்றையும் இதே அக்கறையோடு ஒரு பதிப்பகம் அச்சேற்ற வேண்டும் என்பது என் நெடுநாள் விருப்பம். நீங்கள் நாவல் வாசகர் என்றால் காங்கிலிருந்தும், கவிதையில் நாட்டம் உண்டு என்றால் சர்மாவிலிருந்தும் தொடங்குங்கள். படித்த பிறகு மீண்டும் எழுதுங்கள்.

அன்புடன்.