மிச்ச மரத்தில் பாட்டில் ஓப்பனர்: எதைக் காசு கொடுத்து வாங்க வேண்டும்?

கேள்வி: எங்கள் புது வீட்டின் நிலை, கதவு வேலை முடிந்ததும் இரண்டு சாக்கு நிறையத் தேக்குத் துண்டுகள் மிஞ்சிவிட்டன. அவற்றை மீன் வடிவில் அறுத்து, பாட்டில் ஓப்பனராக்கி, கிரகப்பிரவேசத்துக்கு வருபவர்களின் தாம்பூலப் பையில் வைக்கலாம் என்கிறான் என் மகன். துளை போடும் பிட், உலோகப் பகுதி, காந்தம், எண்ணெய் எல்லாவற்றையும் சேர்த்து ‘கிட்’ என்று இணையத்தில் விற்கிறார்கள். விலை கூடுதலாகத் தெரிகிறது. சில படங்களில் ஒரு ரூபாய் நாணயத்தையே பொருத்தியிருக்கிறார்கள். எதை வாங்குவது, எதை விடுவது? — காரைக்குடி வாசகர்

பதில்: வாங்குவதற்கு முன் எண்ணிக்கையை முடிவு செய்யுங்கள். குளிர்பானங்களில் பெரும்பாலானவை இப்போது திருகு மூடி போட்ட பிளாஸ்டிக் பாட்டிலில்தான் வருகின்றன. கண்ணாடி பாட்டிலில் பன்னீர் சோடாவோ கலரோ வாங்கிக் குடிக்கிற வீடுகள் குறைவு. ஆகவே முந்நூறு பேருக்கும் செய்து முக்கால்வாசியைக் குப்பைக்கு அனுப்புவதைவிட, இதை உண்மையில் பயன்படுத்தக்கூடிய நாற்பது ஐம்பது பேருக்கு நன்றாகச் செய்து கொடுப்பதே மேல் என்பது என் கருத்து.

கிட் வேண்டாம். இந்தப் பொருளில் மரம் வெறும் பிடி. வேலையைச் செய்வது விரல்நகம் அளவுள்ள ஓர் உலோக விளிம்பு. மரம் உங்களிடம் இருக்கிறது. அந்த உலோகம் எந்த ஹார்டுவேர் கடையிலும் சில ரூபாய்க்குக் கிடைக்கும் வாஷர்தான். கிட்டின் விலையில் பெரும்பகுதி அட்டைப்பெட்டிக்கும் படத்துக்கும் போகிறது.

மரத்திலேயே ஓர் உதடு செதுக்கினால் போதாதா என்று உங்கள் மகன் கேட்கக்கூடும். சோடா மூடியைக் கையில் எடுத்துப் பாருங்கள். அமெரிக்காவின் பால்டிமோர் நகரத்து வில்லியம் பெயின்டர் 1892இல் காப்புரிமை பெற்ற இந்த மூடிக்குத் தொடக்கத்தில் 24 பற்கள் இருந்தன. இன்றைய மூடியில் 21. பாட்டிலின் கழுத்து வளையத்தை அந்தப் பற்கள் கவ்விப் பிடித்திருப்பதால்தான் உள்ளே இருக்கும் வாயுவின் அழுத்தம் வெளியேறாமல் நிற்கிறது. அந்தப் பிடியை ஒரே ஓர் இடத்தில், மூன்று மில்லிமீட்டர் விளிம்பை வைத்து விடுவிக்க வேண்டும். தேக்கானாலும் கருவேலமானாலும் நாலைந்து மூடிகளைத் திறப்பதற்குள் மர உதடு நசுங்கி, மழுங்கி, மூடியின் பல்லிலிருந்து நழுவத் தொடங்கிவிடும். மூடியைக் கண்டுபிடித்த பெயின்டரே 1894இல் அதைத் திறக்கும் கருவிக்கும் தனியாகக் காப்புரிமை வாங்க வேண்டியிருந்தது.

இனிக் கணக்குக்கு வருவோம். மூடியின் வெளிவிட்டம் ஏறக்குறைய 32 மி.மீ., உயரம் ஏறக்குறைய 6 மி.மீ. சமையலறை அலமாரிக் கதவுகளுக்கு ஆட்டோ ஹிஞ்ச் (வெளியே தெரியாத கீல்) பொருத்துகிற ஆசாரியிடம் 35 மி.மீ. பிட் கட்டாயம் இருக்கும். அதையே இரவல் கேளுங்கள், புதிதாக வாங்க வேண்டாம். 20 மி.மீ. கனமுள்ள துண்டின் அடிப்பக்கத்தில், மீனின் தலை இருக்கும் இடத்தில், அந்த பிட்டால் 8 மி.மீ. ஆழத்துக்கு ஒரு குழி எடுக்க வேண்டும். வெளிவிட்டம் 25 மி.மீ., துளை 6 மி.மீ., கனம் 2 மி.மீ. உள்ள வாஷரைக் குழியின் வால் பக்கத்து ஓரத்தில், அதன் மையம் குழி விளிம்பிலிருந்து ஒன்பதரை மி.மீ. தள்ளி இருக்குமாறு வைத்தால், வாஷரின் ஓரம் குழிக்குள் சரியாக 3 மி.மீ. எட்டிப் பார்க்கும். அதைத் தலை அகன்ற 5 மி.மீ. திருகாணி ஒன்றால் முடுக்குங்கள். திருகாணி மரத்துக்குள் பன்னிரண்டு மி.மீ.யாவது இறங்க வேண்டும், அதற்கு முன்னால் மூன்றரை மி.மீ. பிட்டால் வழித்துளை போட்டுவிட வேண்டும். வழித்துளை இல்லாமல் முடுக்கினால் சிறிய தேக்குத் துண்டு ரேகையோடு, அதாவது நார் ஓடும் வாக்கில், பிளந்துகொள்ளும்.

திறக்கும்போது மூடி குழிக்குள் போய், வாஷரின் ஓரம் பற்களுக்கு அடியில் மாட்டிக்கொள்கிறது. குழியின் தரை மூடியின் எதிர்ப்புறத் தலைமேல் ஊன்றிக்கொள்கிறது. வாலைத் தூக்கினால் மூடி கழன்றுவிடும். மரம் மெதுவானதாக இருந்தால், ஊன்றுகிற அந்த இடத்தில் தட்டைத்தலைத் திருகாணி ஒன்றைத் தரை மட்டத்துக்கு இறக்கிவிடுங்கள், பள்ளம் விழாது. வாஷர் வட்டமாக இருப்பதில் இன்னொரு வசதியும் உண்டு: ஓரம் தேய்ந்தால் திருகாணியைத் தளர்த்தி, வாஷரைக் கொஞ்சம் சுற்றிவிட்டு மறுபடி முடுக்கினால் புது விளிம்பு கிடைத்துவிடும். கிட்டில் வரும் அழகான பித்தளைத் தகட்டில் இது நடக்காது.

கடையில் மெல்லிய தகர வாஷரை நீட்டினால் வாங்காதீர்கள். இரண்டு விரலால் அழுத்தும்போதே வளைவது மூடியிடம் தோற்றுப்போகும். துத்தநாக முலாம் பூசிய இரும்பு வாஷர் போதுமான வலுவுள்ளது, ஈரத்தில் நாளடைவில் துருப்பிடிக்கும் என்பதுதான் குறை. துருவேறா எஃகு வேண்டுமென்றால் 304 தரம் என்று கேட்டு வாங்குங்கள். அந்தத் தரத்தில் காந்தம் அநேகமாக ஒட்டாது.

நாணயத்தை விட்டுவிடுங்கள். நாணயத்தை உருக்குவதையும் சிதைப்பதையும் 2011ஆம் ஆண்டின் நாணயச் சட்டம் தடை செய்கிறது. ஒரு ரூபாயில் துளை போட்டு விருந்தினருக்குப் பரிசாகக் கொடுத்துவிட்டு அதற்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருக்கும் அளவுக்கு வாஷர் விலை ஏறிவிடவில்லை.

கழன்ற மூடி கீழே விழாமல் ஒட்டிக்கொள்வதற்காகச் சிறிய நியோடிமியம் காந்தம் பதிக்கிறார்கள். மூடி இரும்புத் தகடு என்பதால் அது நன்றாகவே வேலை செய்யும், பார்ப்பதற்கும் வேடிக்கையாக இருக்கும். ஆனாலும் தாம்பூலப் பையில் போகிற பொருளில் நான் அதை வைக்க மாட்டேன். பசை விட்டுப்போன இரண்டு காந்தங்களை ஒரு குழந்தை விழுங்கிவிட்டால், அவை குடலின் இரண்டு மடிப்புகளுக்கு நடுவே ஒன்றையொன்று இழுத்துப் பிடித்துக் குடலையே துளைத்துவிடக்கூடும். அது அறுவை சிகிச்சை வரை போகும் விஷயம்.

மீன் வடிவத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் செய்த முதல் ஓப்பனர் அங்கேதான் உடைந்தது. வடிவம் அழகாக வர வேண்டும் என்று துண்டைக் குறுக்காகத் திருப்பி வரைந்து அறுத்துவிட்டேன். மரத்தின் ரேகை வாலுக்குக் குறுக்கே ஓடியது. மூன்றாவது பாட்டிலில் வால் என் கையிலும் தலை பாட்டிலின் மேலுமாக நின்றன. ரேகை தலையிலிருந்து வால் வரை நீளவாக்கில் ஓடுமாறு வரையுங்கள். வால் ஆரம்பிக்கும் இடுப்பை 20 மி.மீ.க்குக் குறைவாக ஒடுக்காதீர்கள். பிளைவுட் துண்டோ, மர நாரைப் பசையோடு அழுத்திச் செய்த எம்.டி.எஃப். துண்டோ இதற்கு ஆகாது. திருகாணியைப் பிடித்து வைத்துக்கொள்ளும் வலு அவற்றின் விளிம்பில் இல்லை.

மெருகுக்குச் சந்திரஸ் பாலிஷ் போடாதீர்கள். அது ஸ்பிரிட்டில் கரைவது, சில்லென்ற பாட்டிலின் ஈரம் பட்டாலே வெளுத்துவிடும். தேங்காய் எண்ணெய் காயாமல் பிசுபிசுத்து, நாளானால் சிக்கு வாடை அடிக்கும். ஆளிவிதை எண்ணெயை மெல்லியதாக இரண்டு முறை தேய்த்துக் காயவிட்டால் போதும். ஆனால் தேய்த்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டுவிடாதீர்கள். அந்த எண்ணெய் காயும்போது வெளிவிடும் சூடு துணிக்குள்ளேயே தங்கி, தானாகத் தீப்பற்றிக்கொள்ளும். விரித்து வெயிலில் உலர்த்துங்கள், அல்லது தண்ணீரில் நனைத்துவிடுங்கள். ஐம்பது ஓப்பனருக்கு ஒரு சிறிய டப்பா எண்ணெயே தாராளம்.

கேள்வி: இயந்திரங்கள் வரும் பேக்கிங் பெட்டி மரமும், பழைய வீடு இடிக்கும் இடத்தில் கிடைக்கும் கதவுப் பலகையும் மலிவாக வருகின்றன. இவற்றில் ஓப்பனர் செய்து விற்கலாமா? — ஓசூர் வாசகர்

பதில்: வெளிநாட்டிலிருந்து வரும் பெட்டிகளின் பக்கவாட்டில் கோதுமைக் கதிர் போன்ற ஒரு முத்திரை இருக்கும். அதில் ‘எச்.டி.’ என்ற எழுத்துகள் இருந்தால், மரத்தின் உட்பகுதி வரை 56 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் 30 நிமிடம் சூடாக்கியிருக்கிறார்கள் என்று பொருள், அதை எடுத்துக்கொள்ளலாம். ‘எம்.பி.’ என்றிருந்தால் மெத்தில் புரோமைடு என்ற நச்சு வாயுவால் புகையூட்டியது, அதை ஒதுக்கிவிடுங்கள். முத்திரை எதுவாக இருந்தாலும், எண்ணெய்க் கறையோ ரசாயன வாடையோ உள்ள பலகை வாய் வைத்துக் குடிக்கும் பாட்டிலின் பக்கத்தில் வர வேண்டியதில்லை.

பழைய கதவில் கவனிக்க வேண்டியது பெயிண்ட். வீட்டுப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் பூசிய கதவை உப்புத்தாளால் தேய்த்தால் கிளம்பும் தூளில் ஈயம் இருக்க வாய்ப்புண்டு. பெயிண்ட் படாத உட்புறம் கிடைக்கும்படி சா மில்லில் கொடுத்துச் சீவி வாங்கிக்கொள்ளுங்கள். அதற்கும் கட்டுப்படியாகாவிட்டால் அந்தப் பலகை உங்களுக்கு மலிவு அல்ல.

பெட்டியில் போட்டு விற்பதானால், பொட்டலப் பொருள்களுக்கான 2011ஆம் ஆண்டு சட்டமுறை எடையளவு விதிகளின்படி, தயாரிப்பாளரின் பெயர், முகவரி, எண்ணிக்கை, தயாரித்த மாதம் மற்றும் ஆண்டு, எல்லா வரிகளும் சேர்ந்த அதிகபட்ச சில்லறை விலை, புகார் சொல்ல வேண்டிய தொடர்பு விவரம் ஆகியவை பெட்டியின் மேல் இருக்க வேண்டும்.

கேள்வி: இணையத்தில் மர ஓப்பனர் ஒன்று வாங்கினேன். முதல் பாட்டிலைத் திறந்தபோதே கண்ணாடிக் கழுத்தில் சில்லு பெயர்ந்துவிட்டது. ‘அலங்காரப் பொருளுக்குத் திருப்பி எடுக்கும் வசதி இல்லை’ என்று விற்றவர் மறுக்கிறார். — திருப்பூர் வாசகர்

பதில்: சில்லு பெயர்ந்த பாட்டிலில் இருந்ததை வடிகட்டிக்கூடக் குடிக்க வேண்டாம், கொட்டிவிடுங்கள். பிறகு ஓப்பனரைக் காலி மூடி ஒன்றின் மேல் வைத்துப் பாருங்கள். அது மூடியின் தலையில் ஊன்றாமல் கண்ணாடியில் ஊன்றுமானால், குழியோ உலோகமோ தவறான இடத்தில் அமைந்திருக்கிறது. அது தயாரிப்புக் குறை. அந்த நிலையில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், வாதத்தில் பாதி அதிலேயே முடிந்துவிடும்.

விளம்பரத்தில் ‘ஓப்பனர்’ என்று சொல்லி விற்ற பொருளை, புகார் வந்த பிறகு அலங்காரப் பொருள் என்று பெயர் மாற்றிக்கொள்ள முடியாது. குறையுள்ள பொருளைத் திருப்பி எடுக்க விற்பனையாளர் மறுக்கக் கூடாது என்று 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள் சொல்கின்றன. விற்பனைத் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுத்தில் புகார் கொடுங்கள்; அவர் 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதை உறுதி செய்து, ஒரு மாதத்துக்குள் தீர்வு சொல்ல வேண்டும். நடக்காவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யலாம். அதற்கு மேல் போவதானால் நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம், பொருளின் விலை ஐந்து லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை. முந்நூறு ரூபாய்ப் பொருளுக்கு அவ்வளவு தூரம் அலைவது உங்கள் விருப்பம். உதவி எண் வரையாவது போங்கள் என்பேன்.

கேள்வி: கோலி சோடா பாட்டிலுக்கும் மிச்ச மரத்தில் ஓப்பனர் செய்ய முடியுமா? அதற்கும் வாஷர் வேண்டுமா? — வேலூர் வாசகர்

பதில்: வேண்டாம். முழுக்க முழுக்க மரத்தாலேயே செய்யக்கூடியது இது ஒன்றுதான். இங்கிலாந்தின் ஹைரம் காட் 1872இல் காப்புரிமை பெற்ற இந்த பாட்டிலில் நெம்புவதற்கு எதுவுமில்லை. உள்ளிருக்கும் வாயு கோலியைக் கழுத்திலுள்ள ரப்பர் வளையத்தோடு அழுத்தி வைத்திருக்கிறது. நீங்கள் அதைக் கீழே தள்ளினால் போதும். உள்ளங்கை அளவு உருண்டைக் கட்டை ஒன்றில் பாட்டிலின் வாய் உள்ளே போகும்படி குழி எடுத்து, அதன் நடுவில் ஒரு குச்சியை நிறுத்துங்கள். குச்சி ரப்பர் வளையத்தின் துளையைவிடக் குறைந்தது இரண்டு மி.மீ. ஒல்லியாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வாயு வெளியேற வழியின்றிக் கோலி இறங்காது. நீளத்தைச் சொல்லி வைக்க முடியாது. பாட்டிலுக்குப் பாட்டில் மாறும். காலி பாட்டில் ஒன்றை வைத்துக்கொண்டு, குச்சியைச் சற்று நீளமாகவே விட்டு, கொஞ்சம் கொஞ்சமாக நறுக்கிச் சரிபாருங்கள். உள்ளங்கையால் ஓங்கித் தட்டாமல், ஒரே சீராக அழுத்திச் சத்தம் அடங்கும் வரை கையை எடுக்காமல் பிடித்திருங்கள். உடனே எடுத்தால் சோடா சட்டையில்தான்.