அதே மருந்துதான், போத்தல்தான் வேறு

கொக்குவிலிலிருந்து ஒரு தாய் கேட்கிறார்: எட்டு மாதப் பிள்ளை, எட்டுக் கிலோ. நேற்றிலிருந்து காய்ச்சல். பாமசியில் தந்த பாணி ஒரு கரண்டி கொடுத்தும் இறங்கவில்லை. மச்சாள் கனடாவிலிருந்து கொண்டுவந்த சொட்டு மருந்தையும் சேர்த்துக் கொடுக்கலாமா?

வேண்டாம் தங்கச்சி. இரண்டும் பரசிற்றமோல்தான். இங்கே வழக்கமாக விற்கிற பாணியில் 5 மில்லிலீற்றருக்கு 120 மில்லிகிராம். கிலோவுக்கு 15 மில்லிகிராம் என்று பார்த்தால், உங்கள் பிள்ளைக்கு ஒரு தடவைக்கு அந்த 120தான் உச்சம். கனடாச் சொட்டு மருந்தில் ஒரு மில்லிலீற்றரிலேயே 80 இருக்கிறது. பாணி என்று நினைத்து 5 மில்லிலீற்றர் ஊற்றினால் 400 மில்லிகிராம் போய்விடும். இப்படியே நாலு தரம் கொடுத்தால் ஈரலுக்குத்தான் அடி. ஆறு மணித்தியால இடைவெளி, நாளுக்கு நாலு தரத்துக்கு மேல் இல்லை. காய்ச்சல் கொஞ்சம் குறைந்து பிள்ளை பால் குடித்தால் போதும்.

எனக்கு எரிச்சல் வேறு இடத்தில். பாமசிகளில் பெரிய போத்தலிலிருந்து சின்னப் போத்தலில் ஊற்றி, லேபல் இல்லாமல், "ஒரு கரண்டி மூன்று நேரம்" என்று தந்து விடுகிறார்கள். எந்தக் கரண்டி? சில வீட்டுத் தேத்தண்ணிக் கரண்டியில் மூன்று மில்லி நிற்கும், சிலதில் ஏழு. மருந்தாளரின் சான்றிதழ் சுவரில் தொங்கும், மருந்து எடுத்துத் தருவது ஏ.எல். எழுதிவிட்டு வந்த பொடியன். சோதிக்க வேண்டியவர்கள் எப்போது வருவார்களோ. லேபல் இல்லாத போத்தலை வாங்காதீர்கள். ஊசியில்லாத சிரிஞ்ச் ஒன்று கேட்டு வாங்கி அளந்து கொடுங்கள்.

கெதியாக இறங்கும் என்று பின்பக்கத்தால் வைக்கத் தரும் டைக்ளோபினக்கும், ஐபுபுரோபன் பாணியும் வேண்டவே வேண்டாம். மாரி தொடங்கினால் யாழ்ப்பாணத்தில் டெங்கு. டெங்கென்றால் அந்த மருந்துகள் இரத்தக் கசிவைக் கூட்டும்.

மூன்று மாதத்துக்கு உட்பட்ட பிள்ளைக்கு 38 பாகை வந்தால் மருந்து கொடுத்துப் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இரண்டாம் மாத ஊசி போட்ட பிள்ளை மட்டும் விலக்கு. அன்றோ மறுநாளோ காய்ந்தால், மிட்வைவ் சொன்ன அளவைக் கொடுக்கலாம். ஆனால் பிள்ளை நன்றாகப் பால் குடிக்க வேண்டும், தூக்கினால் முழிக்க வேண்டும். துவண்டு கிடந்தால் ஊசிக் காய்ச்சல் என்று வீட்டில் வைத்திருக்காதீர்கள். ஊசி போட்டு மூன்றாம் நாள் தொடங்கும் காய்ச்சலும் இந்தக் கணக்கில் சேராது.

உங்கள் பிள்ளைக்கு நாளைக்கும் காய்ந்தால், கிளினிக் கொப்பியோடு டொக்டரிடம் போய் இரத்தம் சோதியுங்கள். அந்த இரண்டு போத்தலையும் கொண்டு போங்கள்.