பாலம் தாண்டிப் படிக்க வருபவர்களுக்கு: ரோமிங் கேள்வி பதில்

மலேசியாவின் ஜொகூர் பாருவிலிருந்து தினமும் கடற்பாலம் தாண்டிச் சிங்கப்பூரில் படித்தவன் நான். இப்போது சிங்கப்பூர்த் தேக்காவில் கைப்பேசிக் கடையில் வேலை. ரோமிங் என்றால் உங்கள் சிம் வேறு நாட்டு நெட்வொர்க்கில் ஓடுவது. கேளுங்கள்.

ஜொகூரின் ஸ்கூடாயிலிருந்து சிங்கப்பூர் பாலிடெக்னிக்குக்கு வருகிறேன். மலேசிய சிம் மட்டும்தான். வீட்டுக்குப் பேசினாலே காசு கரைகிறது, அண்ணா.

இரண்டு சிம் வைத்துக்கொள், தங்கச்சி. மலேசிய எண் வாட்ஸ்அப்புக்கும், வங்கி குறுஞ்செய்தியில் அனுப்பும் ஒருமுறைக் குறியீட்டுக்கும். சிங்கப்பூர் சிம் டேட்டாவுக்கு. எந்த சிம்மின் டேட்டாவில் ஓடினாலும் வாட்ஸ்அப் பழைய எண்ணிலேயே இருக்கும். 'எண்ணை மாற்றவா' என்று கேட்டால் வேண்டாம் என்று சொல். இங்கே இருக்கும்போது மலேசிய எண்ணுக்கு அழைப்பு வந்தால், எடுக்கிற உனக்கும் கட்டணம் உண்டு. அதை எடுக்காமல் வாட்ஸ்அப்பில் திருப்பிக் கூப்பிடு. ப்ரீபெய்ட் சிம் வாங்க அடையாள ஆவணம் வேண்டும். ஒருவருக்கு மூன்று அட்டைகள்தான். சில மாதச் சந்தாக்களில் மலேசியாவில் பயன்படுத்தவும் டேட்டா சேர்த்தே வரும், அதையும் கேட்டுப் பார்.

எந்த நிறுவனம் மலிவு?

சலுகைகள் அடிக்கடி மாறுகின்றன. வாங்குகிற அன்று ஒப்பிட்டுப் பாருங்கள்.

நான் பாலத்தைத் தாண்டவே இல்லை. வீடு மார்சிலிங்கில், சிங்கப்பூர்க் கரையில்தான். 'மலேசியாவுக்கு வரவேற்கிறோம்' என்று குறுஞ்செய்தி வருகிறது!

நல்ல கேள்வி. கடற்பாலத்தின் நீளமே ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர்தான். கோபுரத்தின் அலைக்கு எல்லை தெரியாது. உங்கள் நிறுவனத்தின் சிக்னல் பலவீனமானால் போன் அக்கரைக் கோபுரத்தைப் பிடித்துக்கொள்கிறது.

எனக்கும் நடந்தது. ஒரு இரவு 170-ம் எண் பேருந்து பாலத்தின் நடுவில் நெரிசலில் நின்றது. சிங்கப்பூர் சிம்மோடு போன் சட்டைப் பையில். நான் தொடவே இல்லை. அன்று எடுத்த படங்களை அதுவாகவே இணையச் சேமிப்புக்கு (கிளவுட்) ஏற்றிக்கொண்டிருந்தது. பில் வந்தபோது அம்மாவிடம் சொல்லப் பயந்து இரண்டு நாள் மறைத்து வைத்தேன். அதனால்தான் சொல்கிறேன்: டேட்டா ரோமிங்கை அணையுங்கள், நெட்வொர்க் தேர்வைக் கைமுறையில் வையுங்கள், அதாவது போன் தானாகத் தாவாமல் உங்கள் நிறுவனத்தை நீங்களே தேர்ந்தெடுங்கள். இரண்டும் வேண்டும்.

கைமுறையில் வைத்தால் சிக்னல் போய்விடுமே. அவசரத்துக்கு?

அவசர அழைப்பை எந்தக் கோபுரமும் ஏற்கும். இங்கே போலீஸ் 999, ஆம்புலன்ஸ் 995. அக்கரையில் எல்லாவற்றுக்கும் 999.

தேவையில்லாத வேலை. டேட்டா ரோமிங்கை அணைத்தால் போதும், நான் அப்படித்தான் வைத்திருக்கிறேன்.

போதாது ஐயா. அது டேட்டாவை மட்டும்தான் நிறுத்தும். ரோமிங்கில் இருக்கும்போது வந்த அழைப்பை நீங்கள் எடுக்காவிட்டால், அது வாய்ஸ்மெயிலுக்கு, அதாவது குரல் பதிவுப் பெட்டிக்கு, திரும்பிப் போகும். உங்களுக்கு வந்ததற்கு ஒரு கட்டணம், அங்கிருந்து திரும்பியதற்கு இன்னொன்று என்று இரண்டும் உங்கள் தலையில் விழலாம்.

எனக்கு வாய்ஸ்மெயிலே கிடையாது.

நீங்கள் கேட்காமலே நிறுவனம் போட்டிருக்கலாம். *#62# அடித்துப் பாருங்கள், தொடர்பில் இல்லாதபோது அழைப்பு எங்கே போகிறது என்று காட்டும். எல்லாத் திருப்பலையும் நீக்க ##002#. ஊரில் இருக்கும்போதே செய்துவிடுங்கள்.

பார்த்தேன். ஏதோ ஒரு எண் இருந்தது. நீக்கிவிட்டேன்.

நல்லது. இனி ரோமிங்கில் வருகிற அழைப்பை எடுக்கவே மாட்டீர்கள் என்றால் உங்கள் வழியும் சரிதான். என் தங்கைக்கு மட்டும் நான் கைமுறையில்தான் வைத்துக் கொடுப்பேன்.

அப்பாவின் பழைய 2ஜி போன் இங்கே வேலை செய்யுமா?

செய்யாது. சிங்கப்பூரில் 2ஜி 2017 ஏப்ரலிலேயே நின்றுவிட்டது.

எது மலிவு அண்ணா?

மேலே சொல்லிவிட்டேன்.

இலவச வைஃபை போதாதா?

நூலகத்தில் உட்கார்ந்திருக்கும்போது வயர்லெஸ்@எஸ்ஜி போதும். பேருந்தில் அது உங்களோடு வராதே.

ரோமிங்கை அணைத்தால் வங்கிக் குறியீடு வருமா? மலேசிய சிம்மைக் கழற்றிவிடலாமா?

கழற்றாதீர்கள்! கழற்றினால் குறியீடு வராது. அணைக்கச் சொன்னது டேட்டா ரோமிங்கை; ரோமிங் சேவையை அல்ல. அந்தச் சேவை இருந்தால் குறுஞ்செய்தி வரும், பெரும்பாலும் பெறுவதற்குக் கட்டணமும் இல்லை. டேட்டா ரோமிங் மட்டும், மூன்றாவது முறையாகச் சொல்கிறேன்.